நெடுநோக்கு

தலைமை ஏற்போர் தம் பதவிக் காலத்திற்குள் நிறைவேறும் பணிகளை மட்டும் மேற்கொண்டால் போதுமா? தாம் காண இயலாத நாளில் பயன்தரும் பணிகளுக்கும் பொருளும் உழைப்பும் ஈதல் கடமையாகுமா? சங்கப் பொறுப்பிலும் இல்லறப் பொறுப்பிலும் உள்ள நாம் அனைவரும் சிந்திக்க வேண்டிய வினா இது.

இரணியலுக்கு வடமேற்கே, மார்த்தாண்டத்தை அடுத்துச் சிதறால் குன்று உள்ளது. திருச்சாரணத்துமலை என்பது அதன் பழம்பெயர். பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்களும் பத்மாவதி, அம்பிகை ஆகிய இயக்கியர் உருவங்களும் புடைப்புச் சிற்பங்களாக விளங்குகின்றன. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்றும் அங்குண்டு. அரிட்டநேமி பட்டாரகரின் மாணாக்கியாராகிய குணந்தாங்கி குரத்தியார் அம்மலைப் படாரியாருக்குப் பொன்னணி வழங்கிய செய்தியை அது கூறுகிறது. ஏறத்தாழ 1100 ஆண்டுகளுக்கு முற்பட்ட செய்தி இது.

குரத்தியார் என்பது சமண சமயப் பெண்பால் ஆசிரியரைக் குறிக்கும். அவ்வம்மையார் இன்னாரின் மாணாக்கியார் என்றே அறிமுகமாகிறார். கழுகுமலைக் கல்வெட்டுகளிலும் இம்மரபைக் காண்கிறோம். பொன்னினும் மேலான செல்வமாக அக்காலத்தார் போற்றியது ஆசிரிய மாணாக்கர் தொடர்ச்சியே என்பது இதனால் புலனாகும். ஆசிரியப் பயிற்சியில் ஈடுபட்டோர் இதனை நன்கு உணர்வர். நாம் பயிற்றுவித்தவர் எவரெவர்க்குக் கற்பிப்பார் என்பதை நாம் அறியோம். ஆயினும் அந்த அறியாத பிள்ளைகளுக்காகவே பயிற்றுவிக்கிறோம்.

‘அம்மலை பின்னாளில் பகவதி கோயிலாயிற்றே! அவர் பணி வீணாயிற்றன்றோ?’ என வினவலாம். புறக்கணிக்கத்தக்க வினா அன்று. ஆனால், 16ஆம் நூற்றாண்டிலும் நாகர்கோவில் நாகராசர் கோயிற் கல்வெட்டுகளில் குணவீர பண்டிதர், கமலவாகன பண்டிதர் என்னும் சமண அறிஞர் பெயர்கள் காணப்படுகின்றன. ஆறு நூற்றாண்டுகளுக்குப் பின்னரும் நாஞ்சில் நாட்டில் அறிவுமரபு முற்றும் அறவில்லை. மேலும், விளைவு நம் பெயரால் நிலைக்க வேண்டும் என விரும்புவதும் ஒருவகைப் பற்றேயாகும். அதனை விட்டவர்க்கே நெடுநோக்கு வாய்க்கும்.

தனிமனித வளர்ச்சியும் அவ்வாறே. 48 நிமிடச் சாமாயிகத்தை ஒருநாள் செய்வதால் சினம் அடங்கிவிடாது; பல்லாண்டுப் பயிற்சியால் அது தணியும். தன்னையே விரைந்து திருத்த இயலாதவர், ஒரு சமூகத்தை மூன்றாண்டில் திருத்திவிட முனைதல் பொருந்துமா?

நம்மவர் எண்ணிக்கையிற் சிறியோர். ஊர்தோறும் சினாலயம் இருப்பினும் இளையோர் நகரங்களுக்குப் பெயர்ந்து வருகின்றனர். மண்டபம் எழுப்பினால் திறப்பு விழாவிலேயே பெயர்க் கல் பதிக்கலாம். கிரந்தச் சுவடியைப் பிழையின்றிப் படிக்க வல்ல ஓர் இளைஞரையோ நங்கையையோ உருவாக்கப் பல ஆண்டுகள் செல்லும். அதற்குப் பெயர்க் கல்லும் இராது. எனினும், மண்டபத்திற்கு நிதி திரட்டும்போதே அப்பணிக்கும் ஒரு பங்கு ஒதுக்குதல் வேண்டும். கற்பாரின்றிக் கட்டடம் மட்டும் எஞ்சினால் அதன் பொருளை வருங்காலத்தார்க்கு எடுத்துரைப்பார் யார்? பொறுப்பில் உள்ளோர் சிந்திப்பார்களாக.