ஒரு பண்ணைக்கு ஒரு பாலம்

ஸ்காட்லாந்தில் மாய் என்று ஒரு பாலம். கெய்ர்லாக்கி என்ற ஊருக்குப் பக்கத்தில், கலிடோனியன் கால்வாயின் குறுக்கே இருக்கிறது. வார்ப்பிரும்புப் பாலம். கப்பல் வந்தால் இது மேலே தூக்காது. கதவு மாதிரி பக்கவாட்டில் திரும்பி, கரையோரமாக ஒதுங்கிக்கொள்ளும். ஸ்விங் பிரிட்ஜ் என்பார்கள்.

மாய் பாலத்துக்கு இரட்டைக் கதவு. பாதி இந்தக் கரையில், மீதி அந்தக் கரையில். இரண்டையுமே கையால்தான் சுற்ற வேண்டும். பாலக்காரர் இந்தப் பக்கத்துப் பாதியைத் திறந்துவிட்டார். சரி, அந்தப் பக்கத்துக்கு எப்படிப் போவார்? பாலம்தான் திறந்து கிடக்கிறதே! சின்னப் படகில் ஏறி, துடுப்புப் போட்டுத்தான் போக வேண்டும்.

யாருக்காக இந்தப் பாடு? ஒரே ஒரு விவசாயிக்காக. கால்வாய் அவருடைய நிலத்தை இரண்டாகப் பிளந்துவிட்டது. வீடு இந்தப் பக்கம், மேய்ச்சல் அந்தப் பக்கம் என்றால் மாடு நீந்தியா போகும்?

கால்வாய் சின்ன விஷயமில்லை. 1803-ல் தாமஸ் டெல்ஃபோர்ட் தொடங்கினார். நெப்போலியன் காலம். வடக்குக் கடலின் புயலுக்கும் பிரெஞ்சுக்காரர்களுக்கும் தப்பி, கப்பல்கள் நாட்டுக்கு நடுவிலேயே போகலாம் என்று திட்டம். நீளம் சுமார் 97 கிலோமீட்டர். ஏழு வருஷம் என்றார்கள், 1822-ல்தான் திறந்தார்கள். 4,74,000 பவுண்டு சொச்சம் என்ற மதிப்பீடு, 9 லட்சத்தைத் தாண்டியது. அதற்குள் நெப்போலியன் செத்தே ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது!

இத்தனை செலவுக்கு நடுவில், ஒரு பண்ணைக்காக ஒரு பாலமா? பி.காம். படித்த புத்தி உடனே கணக்குப் போடுகிறது. அந்த ஆளுக்கு ஒரு தொகையைக் கொடுத்து, கையெழுத்து வாங்கி, ஃபைலை மூடியிருக்கலாமே? அதுதான் லாபம்.

ஆனால் அதே பி.காம்.தான் இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தது. கடன் வேறு, தானம் வேறு. ஊர் நன்மைக்காக ஒருத்தன் நிலத்தை வெட்டினோமென்றால், அவன் பாதை நம் பேரேட்டில் கடன் பக்கம் ஏறிவிடுகிறது. 'நாங்க நிறையப் பேர், நீ ஒத்தை ஆள்' என்று சொல்லி அதை அழிக்க முடியாது. பணம் கொடுத்தால் கொடுத்தவனுக்கு நிம்மதி. மாடு அக்கரைக்குப் போகணுமே!

சரி, இதையே எல்லா இடத்திலும் நீட்ட முடியுமா? இன்வர்னஸ் நகரத்தில் இதே கால்வாய் மீது டோம்நஹூரிச் பாலம் இருக்கிறது. அது திரும்பினால், ஒரு பாய்மரப் படகுக்காக சாலை முழுக்க வண்டிகள் நிற்கும். ஆபீஸ் அவசரத்தில் நிற்பவர்களுக்கும் நியாயம் உண்டு இல்லையா? 2021-ல் பக்கத்திலேயே இரண்டாவது சுழலும் பாலம் திறந்தார்கள். ஒன்று திறந்திருந்தால், வண்டிகள் இன்னொன்றில் போகலாம். படகையும் விரட்டவில்லை, வண்டியையும் விரட்டவில்லை. செலவுதான் கூடியது.

அந்தச் செலவில் என் வரிப்பணமும் இருந்திருந்தால் நானும் முணுமுணுத்திருப்பேன். மறைப்பானேன்?

கால்வாயின் ஆரம்ப காலத்து வார்ப்பிரும்புப் பாலங்களில் இன்று மிஞ்சியிருப்பது மாய் ஒன்றுதான். கப்பல் போனதும் பாலக்காரருக்கு வேலை முடிந்ததா என்றால் இல்லை. அந்தப் பக்கத்துப் பாதியை மூடிவிட்டு, மறுபடி படகில் ஏறி, இந்தப் பக்கம் வந்து மூட வேண்டும்.