திரும்பிவரும் உரிமை

பிள்ளைகளைக் காப்பது பெற்றோரின் கடமை. அவர்களுக்கு உலகத்தைக் காட்டுவதும் பெற்றோரின் கடமைதான். பிள்ளைகள் சிறியவர்களாக இருக்கும்வரை இவ்விரண்டு கடமைகளும் முரண்படுவதில்லை. கையைப் பிடித்துக்கொண்டே காட்டிவிடலாம். பிள்ளைக்குப் பதினேழு, பத்தொன்பது என்று வயதாகும்போதுதான் சிக்கல் வருகிறது. கையைப் பிடித்தால் அவர்கள் எதையும் பார்ப்பதில்லை. கையை விட்டால் எமக்கு நித்திரை வருவதில்லை. இந்த வயதுப் பிள்ளைகளுடன் தூரமான, கொஞ்சம் கடினமான ஒரு பயணத்தைத் திட்டமிடும் குடும்பம் எதிர்கொள்ளும் கேள்வி பணத்தைப் பற்றியதோ விசாவைப் பற்றியதோ அல்ல. ஆபத்தில் பங்கு கொடுக்கும் நாம், முடிவிலும் பங்கு கொடுக்கிறோமா என்பதே அந்தக் கேள்வி.

புத்தூரில் ஆசிரியராக இருக்கும் எனக்கு இந்தக் கேள்வி ஏட்டுக் கேள்வி அல்ல. மூத்தவன் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கிறான். இளையவள் அடுத்த முறை எழுதவேண்டியவள். இனி நால்வரும் சேர்ந்து போவதற்கு இன்னொரு காலம் வாய்க்குமோ தெரியாது. ஆகவே ஒரு திட்டம் வீட்டில் உருவாகியிருக்கிறது. காங்கேசன்துறையில் கப்பலேறி நாகப்பட்டினம், அங்கிருந்து சென்னை, சென்னையிலிருந்து ஏறத்தாழ 2,200 கிலோமீற்றர் ரயிலில் டில்லி, பின்னர் மணாலி வழியாகப் பேருந்தில் லடாக்கின் லே நகரம். போரினால் நாற்பது ஆண்டுகளாக அற்றுப்போயிருந்த கடல்வழிப் பயணிகள் சேவை 2023 ஒக்டோபர் 14இல் தொடங்கிச் சில நாட்களிலேயே நின்று, 2024 ஓகஸ்ட் 16இல் மீண்டும் தொடங்கியது. எமது மூத்த தலைமுறைக்கு அக்கரை என்றால் நாகூர்க் கந்தூரி. என் பிள்ளைகளுக்கு அக்கரை என்பது ஒரு நீண்ட பாதையின் முதற்படி.

இந்தத் திட்டத்தை ஆசிரியர் அறையில் சொன்னபோது என்னைவிட வயதில் மூத்த சக ஆசிரியர் ஒருவர், "பயணமோ சேர்? எங்களுக்கு அது காணும்" என்றார். அவர் பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் அறையில் யாரும் சிரிக்கவில்லை. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் போனார்கள். அதற்குச் சரியாக ஐந்து ஆண்டுகள் முன்னர், 1990 ஒக்டோபர் 30இல், யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள். நான் அப்போது சிறுவன். என் நானாவுக்கு இப்போது என் மகளுக்கு உள்ள வயது. வாப்பா அவனிடம் எதையும் கேட்கவில்லை. கேட்பதற்கு எதுவும் இருக்கவில்லை. லொறியும் நடையுமாகப் போய்ப் புத்தளத்து ஓலைக்கொட்டிலில் முடிந்த அந்தப் பிரயாணத்தில் வழி, நேரம், சுமக்கும் பொருள் எல்லாவற்றையும் வேறு யாரோ தீர்மானித்திருந்தார்கள்.

இப்படி வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்த ஒருவன், தன் பிள்ளைகளை வேண்டுமென்றே கஷ்டமான பாதையொன்றில் கூட்டிச் செல்லலாமா? உறவினர்களிடமிருந்து இரண்டு ஆட்சேபங்கள் வந்தன. ஒன்று, அந்தக் காசுக்கு உம்றாவுக்குப் போகலாமே என்பது. மற்றது, பட்டது போதாதென்று ஆபத்தைத் தேடிப் போவது நன்றிகெட்ட செயல் என்பது. முதலாவதைத் தட்டிக்கழிக்க முடியாது. கடன்பட்டோ, கடமையான ஒன்றைப் பின்தள்ளியோ செய்யும் உல்லாசம் எனக்கும் உடன்பாடானதல்ல. அது அவரவர் கணக்கையும் மனச்சாட்சியையும் பொறுத்தது. இரண்டாவது ஆட்சேபம்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. கஷ்டம் என்ற அளவில் பார்த்தால் அகதியின் பாதையும் பயணியின் பாதையும் ஒன்றுபோலவே தெரியும். இருவரும் பசிப்பார்கள், உறங்காமல் இருப்பார்கள், வழிதெரியாமல் நிற்பார்கள். வேறுபாடு கஷ்டத்தின் அளவில் இல்லை. பயணி "போதும், திரும்புவோம்" என்று சொல்லலாம். அகதி சொல்ல முடியாது. திரும்பிவரும் உரிமை இருக்கும்வரைதான் அது சாகசம். அந்த உரிமை போன கணத்தில் அதே பாதை வேறொன்றாகிவிடுகிறது.

இதிலிருந்து ஒரு சங்கடமான முடிவு பிறக்கிறது. குடும்பப் பயணத்தில் தகப்பனுக்கு மட்டும் அந்த உரிமை இருந்தால், தகப்பனுக்கு மட்டுமே அது சாகசம். கூட வருகிற பிள்ளைக்கு அது இன்னொருவர் இழுத்துச் செல்லும் பாதைதான். செலவு செய்து, அன்போடு இழுத்துச் சென்றாலும் அப்படித்தான்.

இந்த இடத்தில் றொபேட்சன் குடும்பத்தின் கதை நினைவுக்கு வருகிறது. முன்னாள் கப்பலோட்டியும் பின்னாளில் இங்கிலாந்தில் பால்பண்ணை நடத்தியவருமான டூகல் றொபேட்சன், 1971இல் பண்ணையை விட்டுவிட்டு, மனைவி லின்னையும் நான்கு பிள்ளைகளையும் 'லூசெட்' என்ற பழைய பாய்மரக் கப்பலில் ஏற்றிக்கொண்டு உலகைச் சுற்றப் புறப்பட்டார். மூத்தவர்களான ஆனும் டக்ளஸும் பதின்வயதின் கடைசியில் இருந்தவர்கள். வழியில் பஹாமாஸ் தீவுகளில் ஆன் இறங்கிக்கொண்டாள். அவளில்லாமல் கப்பல் தொடர்ந்தது. 1972 ஜூன் 15இல், கலாபகஸ் தீவுகளுக்கு மேற்கே, ஓர்க்கா எனப்படும் கொலைத் திமிங்கிலங்கள் மோதிக் கப்பல் சில நிமிடங்களில் மூழ்கியது. இடையில் சேர்ந்துகொண்ட இளைஞர் ஒருவர் உட்பட ஆறுபேர் மிதவையிலும் சிறு வள்ளத்திலுமாக, மழைநீரையும் ஆமை இறைச்சியையும் கொண்டு 38 நாட்கள் உயிர்பிழைத்தார்கள். ஜப்பானிய மீன்பிடிக் கப்பலொன்று அவர்களை மீட்டது.

உலகம் இந்தக் கதையை மனவுறுதியின் கதையாகச் சொல்கிறது. அது உண்மைதான். என் கண் நிற்பதோ ஆன் இறங்கிய துறைமுகத்தில். அவள் இறங்கியபோது கப்பலுக்கு எந்த ஆபத்தும் வந்திருக்கவில்லை. வளர்ந்த ஒரு பிள்ளை தன் பாதையை மாற்றிக்கொண்டாள், பெற்றோர் விட்டுவிட்டார்கள். இரட்டையரான இரு சிறுவர்களுக்கு அந்தத் தெரிவு கிடையாது. அவர்களுடைய வயதுக்கு அது இருக்கவும் முடியாது. அவர்களுக்காகத் தீர்மானித்த பாரம் முழுவதும் பெற்றோரின் தலையில் இருந்தது. சிறுபிள்ளைக்காக நாம் சுமக்கும் பாரமும் வளர்ந்த பிள்ளையோடு பங்கிடும் பாரமும் ஒன்றல்ல என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இதை ஒழுக்கப் பேச்சாக மட்டும் விட்டுவிடவும் முடியாது. பிள்ளையின் குரலுக்கு இடம் கொடுப்பது மரியாதைக்காக மட்டுமல்ல, உயிருக்காகவும்தான். புத்தூரின் செம்மண் கடல் மட்டத்திலிருந்து சில மீற்றர்களே உயரம். இலங்கையின் மிக உயர்ந்த சிகரமான பிதுருதலாகல 2,524 மீற்றர். மலைநோய் பொதுவாகத் தலைகாட்டத் தொடங்குவது ஏறத்தாழ 2,500 மீற்றரில். அதாவது எங்கள் நாடு முடிகிற உயரத்தில் அந்த நோய் ஆரம்பிக்கிறது. லே நகரம் 3,500 மீற்றரில் இருக்கிறது. மணாலியிலிருந்து போகும் பாதையிலுள்ள தங்லங் லா கணவாய் 5,300 மீற்றரையும் தாண்டும். அங்கே காற்றழுத்தம் குறைவதால், ஒரு மூச்சில் உடலுக்குக் கிடைக்கும் ஒட்சிசனும் குறைகிறது. தலையிடி, குமட்டல், பசியின்மை, நித்திரையின்மை என்று தொடங்குவது, கவனிக்காமல் மேலே ஏறினால் நுரையீரலில் நீர்கட்டியோ மூளை வீங்கியோ உயிரைப் பறிக்கலாம். மெல்ல மெல்ல ஏறவேண்டும், போன இடத்தில் உடல் பழகும்வரை ஓய்வெடுக்கவேண்டும், அறிகுறி இருந்தால் மேலே ஏறக்கூடாது, மோசமானால் உடனே கீழே இறங்கவேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் விதி.

உடல் வலிமை இந்த நோயைத் தடுப்பதில்லை. பந்தடிக்கிற பத்தொன்பது வயதுக்காரனுக்கும் வரும். தலையிடியை வெளியிலிருந்து யாராலும் அளக்க முடியாது; நோயாளி வாய் திறந்து சொன்னால்தான் உண்டு. தகப்பனுக்குப் பயந்த பிள்ளை சொல்லாது. காசு வீணாகிவிடுமே என்று கலங்கும் பிள்ளையும் சொல்லாது. தன்னால் மற்றவர்களின் ஆசை கெட்டுவிடும் என்று நினைக்கும் பெண்பிள்ளை கடைசிவரை சொல்லாது. ஆகவே மலைப்பாதையில் நால்வரின் பாதுகாப்பும், வீட்டில் பிள்ளைகள் எந்த அளவுக்கு உண்மை பேசப் பழகியிருக்கிறார்கள் என்பதில் தங்கியிருக்கிறது. அந்தப் பழக்கத்தை லேயில் போய்த் தொடங்க முடியாது.

வரைபடத்தை விரித்துப் பேசிக்கொண்டிருந்த ஓர் இரவில் மகள் கேட்டாள்: "வாப்பா, எனக்கு இடையில ஏலாமப் போனா எல்லாரும் திரும்புவீங்களா?" திரும்புவோம் என்றேன். அவள் விடவில்லை. "பிறகு அதைச் சொல்லிக் காட்டமாட்டீங்களா?"

முதற் கேள்விக்குப் பதில் சொல்வது எந்தத் தகப்பனுக்கும் இலகு. இரண்டாவதுதான் பரீட்சை. கொடுத்ததைச் சொல்லிக் காட்டினால் தர்மத்தின் பலனே அழிந்துபோகும் என்பது எமக்குச் சிறுவயதிலிருந்து ஓதித்தந்த பாடம். காசுக்கு உள்ள இந்த விதியை நாம் விட்டுக்கொடுத்தலுக்குப் பொருத்திப் பார்ப்பதில்லை. "உனக்காகத்தான் அன்றைக்குத் திரும்பினோம்" என்று பத்து வருடம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் சிரித்துக்கொண்டு சொன்னாலும், அந்தத் திரும்புதல் அழிந்துபோகும். திரும்பிவரும் உரிமை என்பது திரும்பிய பிறகு தலைநிமிர்ந்து இருக்கும் உரிமையும்தான்.

பெற்றோர் பிள்ளைகளிடம் அபிப்பிராயம் கேட்பதை மேல்நாட்டுப் பழக்கம் என்று எம்மவர் சிலர் சொல்வதுண்டு. இப்றாஹீம் நபியின் வரலாற்றை ஒவ்வொரு ஹஜ்ஜுப் பெருநாளிலும் கேட்கிறோம். கனவில் வந்தது இறைகட்டளை, தகப்பனோ நபி. அப்படியிருந்தும் அவர் மகனிடம் விடயத்தைச் சொல்லி அவனுடைய கருத்தைக் கேட்டார் என்றே ஸாஃப்பாத் அத்தியாயம் கூறுகிறது. கட்டளையில் சந்தேகமில்லாத இடத்திலேயே கேட்கப்பட்டதென்றால், விடுமுறைப் பயணத்தில் கேட்காமல் விடுவதற்கு எமக்கு என்ன நியாயம்? கஹ்ஃப் அத்தியாயத்தில் மூஸா நபி ஓர் இளைஞனைக் கூட்டிக்கொண்டு நெடும்பயணம் போகிறார். உணவுக்கான மீனைப் பற்றிய செய்தியைச் சொல்ல அவன் மறந்துவிடுகிறான். பின்னர் மறைக்காமல் சொல்கிறான். மூஸா நபி அவனைக் கடியவில்லை. தாம் தேடிவந்த இடம் அதுவே என்று வந்த வழியே திரும்புகிறார்கள். இளைஞன் பயமின்றி உண்மையைச் சொன்னதால்தான் அந்தப் பயணம் சரியான இடத்தை அடைந்தது.

பயணத்தில் மூவர் இருந்தால் ஒருவரை அமீராக்கிக்கொள்ளச் சொல்லும் நபிவழியும் எமக்கு இருக்கிறது. தலைமை இல்லாமல் பயணம் நடக்காது. ஆனால் அமீர் எப்போதும் தகப்பனாகவே இருக்கவேண்டுமென்று அதில் இல்லை. எங்கள் வீட்டில் ரயில் பாதைக்கு மகன் அமீர். பற்றுச்சீட்டு, இருக்கை, சாப்பாடு எல்லாம் அவன் சொல்கிறபடி. மலைப்பாதைக்கு மகள், காலையும் மாலையும் ஒவ்வொருவரின் தலையிடியையும் பசியையும் கேட்டுக் கொப்பியில் எழுதுவது அவள் வேலை. அவள் "இன்றைக்கு ஏறுவதில்லை" என்றால் ஏறுவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விதி: முன்னே போவதற்கு நால்வரின் சம்மதமும் வேண்டும், திரும்புவதற்கு ஒருவரின் சொல் போதும்.

இப்படியென்றால் நால்வரில் மிகப் பயந்தவர்தான் குடும்பத்தை ஆள்வார் என்று மகன் வாதாடினான். அவன் சொல்வதில் நியாயம் உண்டு. மாதக்கணக்காகச் சேர்த்த காசும் ஆசையும் ஒரு காலை நேரத்துத் தலையிடியில் போய்விடலாம். அது சாதாரணத் தலையிடியாகவும் இருந்துவிடலாம். அந்த நட்டத்துக்கு என்னிடம் மாற்றில்லை. ஆனால் போகவிடாதவரை மன்னிக்கலாம். போகவைத்துப் பறிகொடுத்தவர் தன்னையே மன்னிக்கமாட்டார். இந்த விதி எனக்கும் பொருந்தும் என்பதுதான் எனக்குக் கடினமான பகுதி. எங்கள் ஊர்களில் தகப்பன்மார் பிள்ளைகளுக்கு முன்னால் "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று சொல்வதில்லை. அந்த விதியின்படி நானும் சொல்லவேண்டிவரும்.

இதெல்லாம் ஒரு மாத விடுமுறைக்கு அதிகமான ஏற்பாடு என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் இந்தப் பிள்ளைகள் இன்னும் ஓரிரு ஆண்டில் எங்கள் துணையின்றிப் போகப்போகிறவர்கள். 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் நாட்டைவிட்டுப் போக விரும்பாத இளைஞரைக் காண்பது அரிது. கணினி வேலை என்று நம்பிப்போன இலங்கை இளைஞர்கள் மியன்மாரின் மியாவடி இணைய மோசடி முகாம்களில் அடைபட்டுக் கிடந்ததையும், வேறு வேலையென்று ரஷ்யாவுக்குப் போனவர்கள் போர்முனையில் நிறுத்தப்பட்டதையும் 2024இல் பத்திரிகைகளில் படித்தோம். அவர்களுக்குத் துணிச்சல் குறைவாக இருக்கவில்லை. திரும்பும் வழி அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டிருந்தது.

தரகர் ஒருவர் கடதாசியை நீட்டும்போது, "இதிலிருந்து திரும்பும் வழி எது? கடவுச்சீட்டு யாரிடம் இருக்கும்?" என்று கேட்கிற நாக்கு ஒரே நாளில் முளைப்பதில்லை. பெற்றோரின் முகத்தைப் பார்த்து "வேண்டாம்" என்று சொல்லி, அதன்பின்னும் அன்பு குறையவில்லை என்று கண்ட பிள்ளைக்கு அது வரும். லடாக்கைப் பார்க்கிறோமோ, பாதிவழியில் மணாலியிலிருந்தே திரும்புகிறோமோ, அது அல்லாஹ்வின் நாட்டம். அந்த ஒரு சொல்லைச் சொல்லவும் கேட்கவும் நால்வரும் பழகிக்கொண்டால் கப்பற்கூலி வீணாகாது.