கைபிடி

எங்கள் அறைச் சுவரில் ஒரு புகைப்படம் ஐந்து வருடங்களாக ஒட்டியிருந்தது. கிளிநொச்சிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், தகரக் கொட்டில் வாசலில், அக்கா ஒருவர் பழைய சிங்கர் கால் மெசினுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். மெசினுக்குப் பூமாலை போட்டிருக்கிறது. அக்கா சிரிக்கவில்லை. அதை நாங்கள் கூச்சம் என்று எடுத்துக்கொண்டோம்.

பாரிஸில் றெஸ்ரோறன்ற் குசினிகளில் கோப்பை கழுவியும் மரக்கறி வெட்டியும் வாழும் ஐந்து பேர் நாங்கள். அக்கா எங்களில் ஒருவனின் ஒன்றுவிட்ட சகோதரி. 2009 இல் முள்ளிவாய்க்காலில் வலது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். 2017 இல் ஆளுக்கு ஐம்பது யூரோ போட்டு அந்த மெசினை வாங்கிக் கொடுத்தோம். புதிது வேண்டாம், பழைய சிங்கர்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றதும் நாங்கள்தான். எங்கள் அம்மாமார் தைத்தது அதில். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை போட்டு, யாழ்ப்பாணம் கரண்ட் இல்லாமற் கிடந்த காலத்திலும் ஓடிக்கொண்டிருந்த மெசின். அது இரண்டு கால் உள்ளவர்கள் மிதித்த மெசின் என்பது மட்டும் எங்கள் யோசனையில் வரவில்லை.

2022 இல்தான் விடயம் தெரியவந்தது. அக்கா அதில் நாலு மாதம்கூடத் தைக்கவில்லை. ஒற்றைக் காலால் மிதித்தால் சில்லு அடிக்கடி பின்பக்கமாகச் சுழன்று நூலை அறுக்கிறது. யாழ்ப்பாணத்தில் போட்ட ஜெய்ப்பூர் காலையும் சேர்த்து மிதித்தால் மிஞ்சியிருக்கிற காலில் புண். ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம். "காசு அனுப்பின பிள்ளையளிட்ட இது சரிவரேல்லை எண்டு என்னெண்டு தம்பி சொல்லுறது?" என்றார்.

கேட்டுவிட்டுத்தானே கொடுத்தோம் என்று எங்களில் ஒருவன் கத்தினான். உண்மை, கேட்டோம். "எதெண்டாலும் பரவாயில்லை" என்று அவர் சொல்லியிருந்தார். அதை நாங்கள் சம்மதமாக எடுத்துக்கொண்டோம். கொடுக்கிறவன் கேட்கும்போது வாங்குகிறவருக்கு உண்மை சொல்ல எவ்வளவு இடம் இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமையும் வரலாம்தானே என்று முதலாளி கேட்கும்போது நாங்கள் என்ன சொல்கிறோம்? விசா கிடைக்காத காலத்தில் அவன் கேட்ட எந்தக் கேள்விக்கு இல்லை என்றோம்? ஒவ்வொரு நாளும் இதை அனுபவிக்கிறவர்களுக்கு, மறுபக்கத்தில் போய் நின்றவுடன் எல்லாம் மறந்துபோனது.

பல்கலைக்கழகத்தில் மெய்யியல் படிக்கத் தொடங்கி இடையில் விட்டு வந்த தோஷத்தினால் எங்கள் பேச்சு காந்திக்கும் போனது. இயந்திரங்களைப் பற்றி 1924 இல் நடந்த ஓர் உரையாடலில் அவர் தையல் மெசினுக்கு விதிவிலக்குக் கொடுக்கிறார். மனைவி கையால் தைத்துச் சலிப்பதைப் பார்த்து, அன்பினால் சிங்கர் இதைக் கண்டுபிடித்தார் என்பது அவர் சொல்லும் காரணம். வரலாறு அப்படியல்ல. எலியாஸ் ஹோவ் 1846 இலேயே அமெரிக்காவில் காப்புரிமை பெற்றுவிட்டார். சிங்கர் 1851 இல் பெற்றது, ஏற்கெனவே இருந்ததைத் திருத்தியதற்கு. அவர் தேடியது வியாபாரம். ஆனால் இயந்திரம் மனிதனின் உறுப்புகளை முடக்கக்கூடாது என்று காந்தி அங்கே சொன்னதைத் தள்ளிவிட முடியாது. உறுப்பு முன்னமே போய்விட்டவருக்கு அது என்ன செய்யவேண்டும் என்ற கேள்விதான் அங்கே வரவில்லை.

மோட்டர் பூட்டுவோம், காசு சேர்க்கிறோம் என்றோம். அக்கா சிரித்தார். 2022 மார்ச் கடைசி. இலங்கையில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டு. "மோட்டர் வேண்டாம். ஒரு கைபிடி காணும்" என்றார். அவர் எங்களிடம் தானாகக் கேட்ட முதற் பொருள் அது.

வேலை பெரிதல்ல. பிந்திய சிங்கர் தலைகளில் சில்லுக்குக் கீழே, தூணில், மோட்டர் பூட்டுவதற்கென்று மரை வெட்டிய ஒரு புடைப்பு இருக்கும். கைபிடியும் அதிலேயே பூட்டுப்படும். மிகப் பழைய தலைகளில் அது இல்லை, வார்ப்பிரும்பைத் துளைக்கவேண்டி வரும். இதில் இருந்தது. தோல் வாரைக் கழற்றிவிட்டு, கைபிடியின் நாக்கைச் சில்லின் ஆரைகளுக்கிடையில் விடவேண்டும். மோட்டர் மெசின்களுக்கு வரும் ஆரையில்லாத மொத்தைச் சில்லென்றால் அதையும் மாற்றவேண்டும். கால் மெசினென்றபடியால் அந்தச் செலவும் இல்லை. பிடியை ஒருமுறை சுற்ற மூன்று தையல் விழும். இரும்புக் காலிலிருந்து தலையைத் தூக்கி, அடியில் ஆடும் தண்டுகளுக்கு இடம்விட்டு, ஊர்த் தச்சர் வேப்பம் பலகையில் ஒரு பெட்டி அடித்துக் கொடுத்தார்.

இந்தியாவில் செய்த கைபிடி யாழ்ப்பாணக் கடையிலேயே கிடைத்தது. விலை எங்கள் ஒரு நாட் சம்பளத்தில் பாதியும் இல்லை. எழுத வெட்கமாக இருக்கிறது: எங்களுக்கு ஏமாற்றமாக இருந்தது. 400 யூரோ சேர்த்து வைத்திருந்தோம். மாலை போட்டுப் படமெடுக்கக்கூடிய ஒன்றை எங்கள் காசு தேடிக்கொண்டிருந்தது. ஒரு இரும்புப் பிடிக்கு யார் மாலை போடுவார்கள்?

அக்காவின் கால் விடுபட்டது. ஆனால் வலக்கை பிடிபட்டது. இப்போது துணியை நகர்த்த இடக்கை மட்டும்தான். பள்ளிக்கூடச் சட்டைகளின் நேர்க்கரை ஓடிவிடுகிறது; கழுத்து வளைவுக்கும் கைப்பொருத்துக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டுச் சுற்றச் சொல்கிறார். இதையும் அவராகச் சொல்லவில்லை. வீடியோவில் பிள்ளையின் கை தெரிந்ததால் விசாரித்தோம்.

மிச்சக் காசில் சண்டை வந்தது. காசாகக் கொடுத்தால் வீணாகும், பொருளாகக் கொடுக்கவேண்டும் என்றான் ஒருவன். 2019 நவம்பரில் பிரான்சில் அகதி விண்ணப்பதாரரின் கொடுப்பனவு அட்டையில் காசு எடுக்க முடியாது, கடையில் தேய்க்க மட்டும்தான் என்று மாற்றியபோது, எங்களைக் களவாணிகளென்று நினைக்கிறார்களா என்று அதிகம் துள்ளியவனும் அவன்தான். நினைவூட்டினோம். கோபித்துக்கொண்டு இரண்டு நாள் எங்களோடு சாப்பிடவில்லை.

கடைசியில் காசாகவே அனுப்பினோம், என்னத்துக்கு என்று சொல்லாமல். அதைப் பற்றி அக்காவிடம் யாரும் கேட்பதில்லை என்றும் பேசி முடித்தோம். மூன்று வாரம் பொறுத்து ஒருவன் கேட்டுவிட்டான். அடகிலிருந்த தோட்டை மீட்டாராம்.