மலிந்த விலையும் மனச்சான்றும்

தாம்பரம் சானடோரியத்தில் 1984-இல் ஏற்றுமதி வளாகம் தோன்றிய பின்னர், பல்லாவரம் முதல் பெருங்களத்தூர் வரை சிறு நிறுவனங்கள் பல வேரூன்றின. அவற்றுள் ஒன்றின் பூட்டு இரவில் உடைக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். மேசையும் நாற்காலியும் இருந்த இடத்தில் இருக்கின்றன. சுவரோரப் பெட்டியில் இருந்த ரூட்டரும் சுவிட்சும் மட்டும் இல்லை. கணினிகள் இருந்தும் ஒன்றோடொன்று பேசவில்லை. ஊதியக் கணக்கும் சரக்குப் பட்டியலும் நின்றுவிடுகின்றன. திருடியவனுக்குக் கிடைப்பது ஒரு பெட்டியின் விலை. இழந்தவருக்கோ பல நாள் உழைப்பு.

தொலைந்த கருவியைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாதா? கைபேசியாயின் ஓரளவு வழியுண்டு. அதன் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணைக் கொண்டு அதனை முடக்கவும் தேடவும் நடுவண் அரசு 2023-இல் நாடு முழுவதற்கும் ஏற்பாடு செய்தது. சுவிட்சுக்கு அவ்வசதி இல்லை. அதற்கும் 'மேக்' எனும் 48 பிட் முகவரி உண்டு. ஆனால் அம்முகவரி தன் வலைப்பின்னலின் எல்லையைத் தாண்டி இணையத்தில் பயணம் செய்வதில்லை. மறைமலைநகரில் அக்கருவி மீண்டும் உயிர்பெற்றாலும், தாம்பரத்தில் இருக்கும் உரிமையாளர் அதை அறிய வழியில்லை. சிஸ்கோ மெராக்கி போன்ற சில கருவிகள் மட்டும் உரிமையாளரின் கணக்கோடு பிணைக்கப்பட்டிருக்கும். அவர் விடுவிக்காமல் மற்றவர் அவற்றைத் தம் கணக்கில் சேர்த்துக்கொள்ள இயலாது.

ஆகவே, பொருள் எங்கிருக்கிறது என்பதைப் பெரும்பாலும் ஒருவர் மட்டுமே கண்டறிய முடியும். அவர்தாம் அதை வாங்கியவர்.

இங்கேதான் அறநெறிக் கேள்வி எழுகிறது. ஏர்செல் சேவை 2018-இல் நின்றபின் தமிழகத்தில் பயனின்றி நின்ற கைபேசிக் கோபுரங்களில் ஏறத்தாழ 600 காணாமற் போயின என்று, ஜி.டி.எல். இன்ஃப்ராஸ்ட்ரக்சர் நிறுவனம் முறையிட்டதாக 2022-இல் செய்திகள் வந்தன. இத்தனை கோபுரங்களை எந்தத் திருடனும் தன் வீட்டில் ஒளித்து வைக்க முடியாது. வாங்குவோர் இல்லையேல் அவற்றைக் கழற்றுவதற்கும் ஆள் இருக்கமாட்டார்கள்.

பழைய பொருளை வாங்குவது குற்றமன்று. வெள்ளிக்கிழமைதோறும் பல்லாவரத்தில் கூடும் சந்தை, சிறு முதலோடு தொழில் தொடங்குவோருக்குப் பேருதவி. ஆயினும் பாதி விலைக்கும் கீழே, ரசீதின்றி, எண் ஒட்டிய தாள் கிழிக்கப்பட்டு ஒரு கருவி வருமாயின், 'நான் ஒன்றும் கேட்கவில்லை. அவரும் ஒன்றும் சொல்லவில்லை' என்பது அறியாமையாகாது. அது அறிய மறுப்பது. திருட்டுப் பொருள் என நம்பக் காரணமிருந்தும் நேர்மையின்றிப் பெறுபவரைத் தண்டிக்கும் சட்டம், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவாக உள்ளது.

ஐயமின்றி நல்லெண்ணத்தோடு வாங்கியவர் நிலை என்ன? கருவியை இயக்கியதும் வேறொரு நிறுவனத்தின் பெயர் திரையில் தோன்றுகிறது. பின்புறச் சிறு துளையில் ஊசியைச் சில நொடி அழுத்தினால் அப்பெயர் மறைந்துவிடும். எவரும் காணமாட்டார்கள். அந்தச் சில நொடிகளில்தான் அவருடைய நல்லெண்ணம் நீடிக்குமா, முடிந்துபோகுமா என்பது தீர்மானமாகிறது. அதுவரை அவர் குற்றமற்றவர். பெயரைக் கண்டபின் அழித்தால், பிறர் பொருளை அறிந்தே வைத்திருப்பவர் ஆகிறார்.

'என் பணம் போகிறதே' என்பார். அவ்வேதனை பொய்யன்று. ஆனால் எத்தனை கை மாறினாலும் உரிமையாளரின் உரிமை அழிவதில்லை. விற்பவரிடம் இல்லாத உரிமை வாங்குபவருக்கு வராது என்பதே 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் பொதுவிதியும்கூட. வாங்கியவர் தம் இழப்பை விற்றவரிடம் கேட்கலாம், உரிமையாளர்மேல் சுமத்தலாகாது. விற்றவர் மறைந்துவிட்டால் அந்த இழப்பு கசப்பானதே. எனினும் அதை முன்னமே ஒருமுறை இழந்தவரிடம் தள்ளிவிடுவது நீதியாகாது.

திருடியதைத் திருப்பிக் கொடுக்க வல்லவன் கொடாதிருக்கையில், அவன் மனம் வருந்துவது வெறும் நடிப்பே என்று புனித அகுஸ்தினார் கற்பித்தார். உரியவர் யாரெனத் தெரியாவிடில் கவனமாய் விசாரித்தறிய வேண்டும் என்றார் புனித அக்குவினா தோமா. இணைச்சட்ட நூலின் 22-ஆம் அதிகாரமோ இன்னும் எளிமையாகப் பேசுகிறது. வழிதவறிய மாட்டைக் கண்டவன் காணாதவன்போல் போகலாகாது. உரியவரை அறியாவிடில், அவர் தேடி வரும்வரை தன் வீட்டில் வைத்துக் காக்க வேண்டும்.

நம் நாளில் அந்த மாடு ஒரு சிறு பெட்டியாக வந்து நிற்கிறது. அதன் நினைவகத்தை அழியாமல் வைப்பதும், வரிசை எண்ணைக் குறித்துக்கொள்வதும், பெயர் தெரிந்த நிறுவனத்திற்குச் சொல்வதும், காவல் நிலையத்தில் எழுத்தால் தெரிவிப்பதும் பெரிய வீரச் செயல்கள் அல்ல. ஆனால் ஊதியத்திற்காகக் காத்திருக்கும் சிலருடைய வீட்டில் அன்று அடுப்பு எரிவது அவற்றைப் பொறுத்ததாக இருக்கலாம்.