ஈகையும் இரையும்

கைம்மாறு கருதாமற் கொடுப்பதே ஈகை என்பது தமிழர் நெடுங்காலமாகப் போற்றிவந்த கருத்தாகும். அவ்வாறாயின், பயன் கருதிக் கொடுப்பது அறமாகாதா? வட அமெரிக்க வீட்டுத் தோட்டங்களில் நிலவும் ஒரு சிறு வழக்கத்தைக் கொண்டு இவ்வினாவை ஆராயலாம்.

ஹம்மிங் பறவைகள் அமெரிக்கக் கண்டங்களுக்கே உரியவை. அவற்றுள் செங்கழுத்து ஹம்மிங் பறவையின் நிறை ஏறத்தாழ 3 கிராம்; அதன் சிறகுகள் செக்கனுக்கு ஏறத்தாழ 50 முறை அடிப்பவை. ஒரு பங்கு சீனியை நான்கு பங்கு நீரிற் கரைத்துக் கலத்திலிட்டுத் தொங்கவிட்டால் அதனை நாடி இப்பறவை வரும். அந்தரத்தில் நின்று அது பருகும் சில கணங்களே புகைப்படக்காரர் வேண்டுவன. 1930களில் ஹரோல்ட் எட்ஜேர்ட்டன் கையாண்ட அதிவேக மின்னொளி, கண்ணுக்குப் புகையெனத் தோன்றும் சிறகை அசைவற்றதாகக் காட்டிற்று. அத்தகைய ஒளியாற் பிடித்த படங்களைக் குரோஃபோர்ட் கிரீன்வோல்ட் 1960இல் நூலாக வெளியிட்டார்.

அச்சீனிநீர் ஈகையா, இரையா? தூண்டிலிடுபவனும் மீனுக்கு உணவு காட்டவே செய்கிறான். ஆனால் இங்கு பறவை எதனையும் இழப்பதில்லை. உணவுக்குப் படம் என்னும் நேரிய பண்டமாற்றே இது என்பர் ஒரு சாரார். இவ்வாதம் முழுமையானதன்று. பண்டமாற்றுக்கு இருவரது உடன்பாடும் வேண்டும். பறவையோ பசியால் வந்தது, உடன்படவுமில்லை, மறுக்கவுமில்லை. மனிதரை வெறுங் கருவியாகக் கொள்ளலாகாது என்ற கான்ட், விலங்குகள்பால் மனிதர்க்கு நேரடிக் கடமை இல்லையென்றே கருதினார். எனினும், உடன்பட இயலாத உயிரை அழைக்குமிடத்து, இருவர்க்குரிய பொறுப்பும் அழைத்தவர் ஒருவரையே சார்கிறது எனல் பொருந்தும்.

கோடை வெப்பத்திற் சீனிநீர் விரைவிற் புளிக்கும். கலத்திற் பூஞ்சணம் படரும். சில நாட்களுக்கொருமுறை கழுவி நீரை மாற்றாவிடின் உணவே தீங்காகும். விரும்பிய படம் கிடைத்த மறுநாள் புகைப்படக்காரர் செய்வது யாது? கலத்தைக் கழற்றி வைப்பாராயிற் குற்றமில்லை. பறவைக்குப் பூக்களும் சிறு பூச்சிகளும் உள. கழுவாது தொங்கவிட்டு மறப்பாராயின் அவர் கொடுத்தது இரையே.

ஆகவே, படத்தை விரும்பியதனாற் கொடை இழிவுறுவதில்லை. விருப்பம் நிறைவேறிய பின்னரும் நீடிக்கும் கவனமே அதனை ஈகையாக்குகிறது. அழகிய படங்களிற் பெரும்பாலும் கலம் தெரியாதவாறு விலக்கப்படுகிறது. அறம் பற்றிய வினாவோ அக்கலத்திலேயே தங்கியுள்ளது.