தோற்பாவைக் கூத்தில் எதிர்மாந்தர் படைப்பு: ஓர் அறநோக்கு

முன்னுரை

கதையில் வரும் தீயோன் ஒருவனுக்கு அவன் செய்த தீமைக்கான காரணத்தையும் படைப்பாளன் அளித்துவிட்டால், அவனைக் குற்றவாளி எனத் தீர்ப்பது கடினமாகிவிடுமா? காரணம் கூறாது விட்டால் அத்தீர்ப்பு நேர்மையுடையதாகுமா? காப்பியம் இயற்றுவோர்க்கும் கூத்து நிகழ்த்துவோர்க்கும் பொதுவான இவ்வினாவைப் பாலக்காட்டுத் தோற்பாவைக் கூத்தின் வழி ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

களமும் கூத்தும்

நல்லேப்பிள்ளி, கேரளத்தின் பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தைச் சேர்ந்த ஊர். தமிழக எல்லையை ஒட்டிய இப்பகுதியில் தமிழும் மலையாளமும் அருகருகே வழங்குகின்றன. இங்குள்ள சித்தூர்ப்புழை சென்று கலக்கும் பாரதப்புழையின் கரைப் பகுதிகளில்தான் தோற்பாவைக் கூத்து மரபு வேரூன்றியுள்ளது. பகவதி கோயிலின் முன் நிலையாகக் கட்டப்பட்ட கூத்துமாடத்தில், தேங்காய் மூடிகளில் எண்ணெய் ஊற்றி ஏற்றப்படும் 21 விளக்குகளின் ஒளியில், மான்தோல் முதலியவற்றால் செய்த பாவைகளின் நிழல் திரையில் விழுகிறது. கூத்து 7 இரவுகளோ 21 இரவுகளோ, சில இடங்களில் அதனினும் மிகுதியாகவோ நடைபெறும். பாடப்பெறுவன பெரும்பாலும் கம்பர் பாடல்கள். பாடி உரை விரிப்போர் புலவர் எனப் பெறுவர். இம்மரபில் வந்த இராமச்சந்திரப் புலவருக்கு 2021 இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. மலையாள நாட்டுக் கோயில் முற்றத்தில் தமிழ்க் காப்பியம் இரவுதோறும் உரையுடன் ஓதப்பெறுவது தமிழாய்வாளர் கருத்திற் கொள்ளவேண்டியதொன்றாகும்.

கூத்தின் தோற்றம் பற்றிய நம்பிக்கையும் ஈண்டுக் கூறத்தக்கது. இராம இராவணப் போர் நிகழ்ந்தபோது பத்திரகாளி தாரிகனோடு பொருதுகொண்டிருந்தாள். அதனால் காண இயலாது போன அப்போரை அவள் காணும்பொருட்டே கூத்து நிகழ்த்தப்படுகிறது என்பர். ஆகவே, இக்கூத்தின் முதன்மைப் பார்வையாளர் தெய்வமே. விடியும்வரை நீளும் கூத்தின் முன் மனிதர் எவரும் இல்லாத இரவுகளும் உண்டு. ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1996 இல் வெளியிட்ட நூலில் இந்நிலையை விரிவாகப் பதிவு செய்துள்ளார்.

சம்புகுமாரன் கதை

கம்பர் காட்டும் சூர்ப்பணகை இராமன்பால் கொண்ட வேட்கையால் பஞ்சவடியில் தோன்றுகிறாள். அவ்வேட்கை நிறைவேறாமையே பகைக்கு வித்தாகிறது. கூத்தோ கம்பரிடம் இல்லாத ஒரு நிகழ்ச்சியை இதற்கு முன் வைக்கிறது. சூர்ப்பணகையின் மகன் சம்புகுமாரன் காட்டில் தவம் இயற்றுகிறான். இலக்குவன் கையால், அவன் அறியாமலே, அம்மகன் இறந்துபடுகிறான். மகனைத் தேடி வரும் தாய் அவன் உடலைக் கண்டு புலம்புகிறாள். இதனோடு ஒத்த கதை விமலசூரியின் பௌமசரியம் முதலான சமண இராமகாதைகளிலும் காணப்படுகிறது. கம்பர் பாடலைப் போற்றி ஓதும் புலவர்கள், கம்பர் கூறாத இத்துயரையும் விடாது பேணி வந்துள்ளனர் என்பது நோக்கத்தக்கது.

இச்சேர்க்கையால் நேரும் மாற்றம் சிறிதன்று. காமத்தால் இழிந்தவளாக மட்டும் காணப்பட்டவள் மகனை இழந்த தாயாகிறாள். முதல் ஊறு இராமன் பக்கத்திலிருந்தே, அறியாமையால் ஆயினும், நேர்ந்ததாகிறது. ஆயினும் கூத்தின் முடிவு மாறவில்லை. இராவணன் வீழ்கிறான், இராமன் முடி சூடுகிறான். துயரைச் சேர்த்தும் தீர்ப்பை மாற்றாத இந்நிலை முரணாகுமா?

காரணமும் நியாயமும்

முரணன்று என்பதே இக்கட்டுரையின் கருத்து. ஒருவன் ஏன் செய்தான் என்பதற்கு விடை காரணம். செய்தது தகுமா என்பதற்கு விடை நியாயம். மகன் இறந்தது சூர்ப்பணகையின் சினத்துக்குக் காரணமாகும். ஆனால் அச்சாவில் எப்பங்கும் இல்லாத சீதையைக் கவர்வதற்கு அது நியாயமாகாது. மேலும், அச்சினம் போராக முதிரும் வழியில் தடுத்து நிறுத்த இடங்கள் பல இருந்தன. மாரீசன் அறிவுரை கூறினான், வீடணன் கூறினான், கும்பகருணனும் கூறினான். காரணம் மனிதனை இழுத்துச் செல்லும் கயிறாக இருந்திருப்பின் இவ்வறிவுரைகளுக்குப் பொருளே இராது. கேளாமல் விட்டது இராவணனின் தேர்வு. குற்றம் நிலைகொள்வது அத்தேர்வில்தான்.

எதிர்மாந்தர் அனைவரும் ஒரே அச்சில் வார்க்கப்படவில்லை என்பதும் கருதத்தக்கது. சூர்ப்பணகை துயரால் பகை கொண்டவள். கும்பகருணன் அண்ணன் செய்தது தவறெனத் தெரிந்தே செஞ்சோற்றுக் கடன் தீர்க்கப் போர்க்களம் புகுந்தவன். இராவணன் கல்வியும் வலிமையும் நிறைந்திருந்தும் பிறர் சொல் கேளாதவன். மூவர்க்கும் காரணம் வேறு. எனவே மூவர் குற்றத்தின் அளவும் வேறு. காரணம் அறியாதவர்க்கு மூவரும் அரக்கர் என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுவர். ஆகவே காரணம் கூறுதல் தீர்ப்பைத் தளர்த்துவதில்லை. தீர்ப்பின் அளவைச் செம்மைப்படுத்துகிறது எனலாம்.

தமிழில் இதற்கு மாறான வழியும் உண்டு. புலவர் குழந்தை 1946 இல் வெளியிட்ட இராவண காவியம் இராவணனையே தலைவனாக்கியது. 1948 இல் தடை செய்யப்பட்ட அந்நூலின் மீதான தடை 1971 இல் நீங்கியது. அது தலைவன், எதிரி என்னும் இடங்களை மாற்றி வைத்த படைப்பு. கூத்து இடங்களை மாற்றவில்லை. எதிரியின் துயரைத் தலைவன் பக்கத்துக் கணக்கில் எழுதி வைக்கிறது. முன்னது ஒரு வழக்கின் மறு தீர்ப்பு எனில், பின்னது தீர்ப்புக்கு முன் இரு தரப்பையும் கேட்பதாகும்.

பாத்திர விளையாட்டு ஓர் ஒப்பீடு

அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகியோர் உருவாக்கி 1974 இல் வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் பாத்திர விளையாட்டு இங்கு ஒப்புநோக்கத்தக்கது. மேசையைச் சுற்றி அமர்ந்தோர் ஒவ்வொருவரும் ஒரு மாந்தராகப் பேச, ஆட்டத்தை நடத்துபவர் எதிரிகள் அனைவருக்குமாகப் பேசுகிறார். திரைக்குப் பின்னிருந்து இரு பக்கத்துக்கும் குரல் கொடுக்கும் புலவரின் நிலையும் இத்தகையதே. அவ்விளையாட்டின் தொடக்க விதிகள் மாந்தரை ஒழுங்கு, நடுநிலை, குழப்பம் என்னும் மூன்று சார்புகளுள் அடக்கின. நாளடைவில் ஆடுவோர் இத்தகைய முத்திரைகளோடு அமையாது, வழக்கத்துக்கு மாறான எதிரிகளைப் படைக்க விரும்பலாயினர். இவ்விருப்பத்தில் ஓர் ஆபத்து உண்டு. வியப்பூட்டுவதற்காக மட்டும் சேர்க்கப்படும் துயரம் எதிரிக்கு ஓர் அணிகலனேயன்றி வேறன்று. சம்புகுமாரன் கதை இதற்கோர் அளவுகோல் தருகிறது. எதிரியின் காரணம் நம் பக்கத்தையும் ஒரு கேள்வி கேட்க வேண்டும். இலக்குவன் கையிலுள்ள குருதியை அது காட்ட வேண்டும். அவ்வாறு காட்டாத காரணம் வெறும் புதுமையாய் நின்றுவிடும்.

நாமே எதிரியாகும்போது

இவ்வினா தமிழர்க்குத் தொலைவிலுள்ளதன்று. நல்லேப்பிள்ளியை அடுத்த சித்தூரில் ஆண்டுதோறும் கும்ப மாதத்தில் கொங்கன்படை விழா நடைபெறுகிறது. கொங்கு நாட்டிலிருந்து படையெடுத்து வந்த மன்னனைப் பகவதியின் அருளால் ஊரார் வென்றதாக நம்பப்படும் போரின் நினைவு அது. படையெடுப்பும் தோல்வியும் ஊராராலேயே நடித்துக் காட்டப்படுகின்றன. அங்கு நிற்கும் தமிழ் பேசுவோர் எதிரியின் இடத்தில் தம் மொழியினரைக் காண நேர்கிறது. தம் ஊரைக் காத்த தெய்வத்தைக் கொண்டாடுதல் ஊராரின் உரிமை. அதில் குறை காண இடமில்லை. ஆயின் கொங்கன் எக்காரணத்தால் வந்தான் என்று அறிய விரும்பும் மனம் நம்முள் எழுமானால், அதே விருப்பத்தை நாம் எதிரி எனக் குறிக்கும் பிறர்பாலும் காட்டக் கடமைப்பட்டுள்ளோம்.

முடிவுரை

எதிரியின் காரணத்தைக் கூறுதல் அவன்பால் இரக்கம் ஈட்டித் தரும் உத்தி என்று பலர் கருதுவர். கேட்போரே இல்லாத முற்றத்திலும் சூர்ப்பணகையின் புலம்பல் முழுமையாகப் பாடப்பெறுகிறது என்னும் உண்மை அக்கருத்தை மறுக்கிறது. அங்கு இரக்கம் கொள்ள மனிதர் இல்லை. கேட்பவள் தாரிகனைக் கொன்ற தெய்வம். ஆகவே அப்புலம்பல் எவரையும் மனம் மாற்றுவதற்காக அன்று, சொல்லப்பட வேண்டியது என்பதனாலேயே சொல்லப்படுகிறது. தண்டனைக்கு உரியவனாயினும் அவன் தரப்பு கூறப்படாது விடப்படலாகாது என்பதே தோற்பாவைக் கூத்து உணர்த்தும் அறமாகும்.