எளியோர் பேறுபெற்றோரெனில் கூலியுயர்வு எதற்கு?



சகல புனிதர் திருநாளன்று கோயிலில் வாசிக்கப்படும் சுவிசேஷம் மலைப்பொழிவின் எட்டுப் பேறுகளாகும். உறுதிப்பூசுதலுக்கு ஆயத்தமாகும் நம் பிள்ளைகள் அவற்றை மூச்சு விடாமல் ஒப்புவிப்பார்கள். ஆனால் பதினைந்து, பதினாறு வயதில் அவர்களுள் ஒருவன் எழுந்து, "எளியவர்கள் பேறுபெற்றவர்கள் என்றால், தேயிலைத் தோட்டத் தொழிலாளி ஏன் சுவாமி சம்பள உயர்வு கேட்க வேண்டும்?" என்பான். குதர்க்கம் என்று அதட்டி அவனை இருத்திவிடுவோர் உண்டு. அது குதர்க்கமன்று. மலைப்பொழிவை உண்மையாகவே காதில் வாங்கிய பிள்ளைதான் அப்படிக் கேட்கும்.

அவனுக்கு என்ன சொல்வோம்? இயேசு வறுமையை வாழ்த்தவில்லை, வறியவர்களை வாழ்த்தினார். லூக்காஸ் சுவிசேஷத்தின் ஆறாம் அதிகாரத்தை அவன் கையிற் கொடுங்கள். அங்கே நான்கு பேறுகளை அடுத்து, செல்வர்க்கும் உண்டு நிறைந்தோர்க்கும் சிரிப்போர்க்கும் ஊரார் புகழ்வோர்க்குமாக நான்கு கேடுகளும் சொல்லப்பட்டுள்ளன. பேறுகளைப் படமாக்கிச் சுவரில் மாட்டியிருக்கிறோம். கேடுகளை மாட்டிய வீடு எதையும் நான் கண்டதில்லை. உலகம் கைவிட்டவர்கள் பக்கம் கடவுள் நிற்கிறார்; ஆதலால் இறையரசு அவர்களுடையது. மத்தேயு கூறும் உள்ளத்தின் எளிமையோ, உள்ளதை இறுகப் பற்றாமல் இறைவனையே நம்பியிருப்பது. அது உடையவனுக்கும் உரிய கடமை. நீதியின்மேல் பசிதாகம் கொண்டோரையும் ஆண்டவர் வாழ்த்தினாரல்லவா? பசித்தவன் சும்மா இருப்பானா?

திருச்சபையின் சமூகப் போதனை இந்தப் பசியிலிருந்தே பிறந்தது. நம் முன்னோர் சிங்கராயர் என்றழைத்த 13ம் லியோ பாப்பரசர் 1891ல் தொழிலாளர் நிலைபற்றிச் சுற்றுமடல் வரைந்தார். இருவரும் பேசி ஒத்துக்கொண்ட கூலி என்பதால் மட்டும் அது நீதியான கூலியாகிவிடாது. சிக்கனமாய் வாழும் தொழிலாளியின் சீவியத்துக்கு அது போதாதெனில், வேறு வழியின்றி அவன் இணங்கினாலும் அநீதியே என்றார். 2025ல் தெரிவான பாப்பரசர் 14ம் லியோ என்ற பெயரைச் சூடியதும் முக்கியமாக அம்மடலை நினைந்தே. பழைய ஞானோபதேசத்தில் வானத்தை நோக்கி முறையிடும் பாவங்கள் நான்கு என்று நம் பாட்டிமார் படித்தார்கள். ஏழைகளை ஒடுக்குவதும், வேலையாளின் கூலியைக் கொடாமல் வஞ்சிப்பதும் அவற்றுள் இரண்டு.

இதை இளைஞர்க்கு எப்படிப் புகட்டுவது? பெல்ஜியம் நாட்டுக் குரு யோசேப் கார்டைன் ஒரு வழி காட்டினார். குருமடத்திலிருந்து விடுமுறைக்கு வந்தபோது, தொழிற்சாலைக்குப் போய்விட்ட பள்ளித் தோழர்கள் தம்மை விட்டு விலகி நின்றதைக் கண்டு மனம் நொந்தவர் அவர். தாம் தொடங்கிய இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்தில் அவர் பழக்கியது இதுதான்: பார், சீர்தூக்கு, செயற்படு. 23ம் அருளப்பர் பாப்பரசர் 1961ல் தம் சுற்றுமடலிலே இம்முறையை இளைஞர்க்குப் பரிந்துரைத்தார்.

நம் காலைத் தேநீரையே பார்க்கச் சொல்லுங்கள். இக்கொழுந்தைக் கொய்த கை யாருடையது? 1948ம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் அம்மக்களிற் பெரும்பாலானோர் நாடற்றவரானதையும், அவர்களுள் எஞ்சியோர் உரிமை பெற 2003ம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருந்ததையும் பிள்ளைகள் அறியட்டும். பின்பு சுவிசேஷத்தை அதனருகே வைத்துச் சீர்தூக்கட்டும்.

செயற்படுவதில்தான் இடறுகிறோம். தூரத்துத் தொழிலாளிக்காகப் பரிந்து பேசுவது சுலபம். நம் வளவில் தேங்காய் பறிப்பவரை, உடுப்புத் தோய்ப்பவரை, கிணறு இறைப்பவரை நாம் நடத்தும் விதத்தைப் பிள்ளைகள் கவனித்துக்கொண்டே இருக்கிறார்கள். அவருக்கென்று புறம்பாக ஒரு கோப்பை. "காசு நாளைக்கு வா, தாறன்" என்று ஒரு சொல். அறுபது வயது மனிதரைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை "நீ" என்கிறது, நாம் திருத்துவதுமில்லை. மறைக்கல்வி ஆசிரியர் ஆண்டு முழுவதும் படிப்பித்தது அந்த ஒரு சொல்லில் அழிந்துபோகிறது.

கூலியைப் பொழுது படுமுன் கொடுத்துவிட வேண்டும் என்கிறது உபாகமம். வருகிற சனிக்கிழமை வேலை முடிந்ததும் பணத்தைப் பிள்ளையின் கையிற் கொடுத்து, "ஐயா" என்றழைத்துக் கொடுத்துவரச் சொல்லுங்கள். இது அவருக்குப் போதுமா என்று திரும்பி வந்து கேட்டால், ஒரு கொப்பியை எடுத்துப் பிள்ளையோடு இருந்து கணக்குப் போடுங்கள்: அரிசி, மா, மண்ணெண்ணெய், மருந்து, பஸ் காசு, அவருடைய பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவு.